மாணவரின் இரு கடன்கள்

அறிவு என்பது ஒருவர் தேடி வைக்க, மற்றொருவர் எடுத்தாளும் செல்வமாகும். முன்னோர் எழுதியவற்றைப் படியாமல் தாமாகவே எழுத வல்லார் உலகில் எவருமிலர். ஆதலின், பிறர் நூலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது குற்றமன்று. எவ்வாறு எடுத்தோம், எடுத்ததை எவ்வாறு ஒப்புக்கொண்டோம் என்னும் இடத்திலேதான் நேர்மையும் நேர்மையின்மையும் பிரிகின்றன. ஏட்டுச் சுவடிகள் இருந்த காலத்தில் ஒரு நூலைப் படியெடுப்பதற்கு மாதக்கணக்கான உழைப்பு வேண்டியிருந்தது. இன்றோ ஆயிரம் பக்கமுள்ள நூலொன்றின் நகல் ஒரு நொடியில் கைக்கு வந்துவிடுகிறது. எடுக்கும் வேலை எளிதாகிவிட்டமையால், எடுக்குமுன் சிந்திக்கும் வழக்கமே மறைந்துவிடுமோ என்னும் அச்சம் கல்வியாளர்களுக்குத் தோன்றியுள்ளது.

இந்த அச்சம் காரணமாகவே நாட்டின் பல கல்லூரிகளில் டிஜிட்டல் எழுத்தறிவு என்னும் பாடம் இடம்பெற்று வருகிறது. கணினியை இயக்கத் தெரிந்துகொள்வது இதன் ஒரு பகுதியே. கணினி காட்டும் செய்தியின் தகுதியை அறிதல், எடுத்த இடத்தைச் சொல்லுதல், எடுக்க உரிமை உண்டா என்று ஆராய்தல் ஆகிய மூன்றும் இதன் உயிர்நிலையான பகுதிகள். இவற்றைப் பயிலும் மாணவர் முதலில் உணர வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ‘இது யாருடையது என்று சொன்னேனா?’ என்பது ஒரு கேள்வி. ‘இதை எடுக்க எனக்கு உரிமை உண்டா?’ என்பது வேறொரு கேள்வி. முன்னது மேற்கோள் முறையைச் சேர்ந்தது. பின்னது பதிப்புரிமைச் சட்டத்தைச் சேர்ந்தது. முன்னது உண்மைக்குச் செலுத்தும் கடன். பின்னது உடைமையாளருக்குச் செலுத்தும் கடன். ஒன்றைச் செலுத்திவிட்டால் மற்றொன்று தீர்ந்துவிடாது. மாணவர் உலகில் எழும் குழப்பங்களுள் பெரும்பாலானவை, இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் விளைபவை.

முதலில் மேற்கோள் கடனை எடுத்துக்கொள்வோம். இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுவழக்கம் என்று கருதுவோர் உண்டு. தமிழ் மரபு அறிந்தோர் அவ்வாறு கருதார். தொல்காப்பியர் தம் இலக்கண விதிகள் பலவற்றைத் தமக்கு முன்னிருந்த புலவர்களின் கூற்றாகவே குறிப்பிட்டுச் செல்கிறார். நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூவகையாகப் பகுக்கிறார். அதாவது, ஒரு நூல் தானே தோன்றியதா, பிறிதொன்றின் வழியே வந்ததா என்பது அதன் இலக்கணத்திலேயே அடங்கும். மேலும், நூலின் முகப்பில் அமையும் சிறப்புப்பாயிரம் ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர் முதலிய எட்டுச் செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நன்னூலார் வகுத்த நெறி. இன்று பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பிடம், ஆண்டு என்னும் குறிப்புகள் இந்த நெறிக்கு நெருங்கிய உறவினவே அன்றோ?

சான்று காட்டுவதன் நோக்கம் பணிவை வெளிப்படுத்துவது மட்டுமன்று. படிப்பவர் தாமே சென்று சரிபார்க்க வழிவிடுவதே அதன் தலையாய பயன். உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோதும், பின்னர்ப் பிற நூல்களை வெளியிட்டபோதும், ஏடு தந்து உதவியோரை மறவாது குறித்தார். பதிப்புகளில் பாடவேறுபாடுகளையும் காட்டினார். ‘இவ்வாறு முடிவு செய்தேன், ஆதாரம் இது, ஐயமிருந்தால் நீரும் பார்க்கலாம்’ என்று அவை படிப்பவரிடம் கூறுகின்றன. அடிக்குறிப்பின் பொருள் முழுவதும் இதுவே.

இணையத்தில் இக்கடன் சற்றே கடினமாகிறது. அச்சிட்ட நூலின் 40 ஆம் பக்கம் நாளையும் அப்படியே இருக்கும். இணையப் பக்கமோ இன்று காலை ஒன்றும் மாலை ஒன்றுமாக மாறக்கூடும். முற்றிலும் மறைந்தும் போகலாம். ஆகவேதான், முகவரியைக் குறிக்கும் மாணவர் தாம் அதைப் பார்த்த தேதியையும் குறிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். விக்கிப்பீடியா போன்ற கூட்டுக் கலைக்களஞ்சியத்தில் ஒரு செய்தியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடாமல், அக்கட்டுரை தன் அடியில் காட்டும் மூலநூல் வரை சென்று பார்ப்பதே முறை.

இவ்வாறு மூலத்தைத் தேடும் பழக்கம் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. வாட்ஸ்அப் வழியே நம் குடும்பக் குழுக்களில் நாள்தோறும் பொன்மொழிகள் பல வருகின்றன. அவற்றின் கீழே பாரதியார் பெயரோ அப்துல் கலாம் பெயரோ காணப்படும். எந்த நூலில், எந்தச் சொற்பொழிவில் என்று கேட்டால் விடை இராது. பெயர் மட்டும் சான்றாகாது. இடமும் வேண்டும் என்பதை வீட்டுப் பெரியோரும் இளையோரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்தபின் இந்தத் தேவை இன்னும் பெருகியுள்ளது. கேட்ட அளவில் பக்கம் பக்கமாக எழுதித் தரும் அப்பொறிகள், உலகில் இல்லாத நூல்களையும் உள்ளவைபோல் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்துக் கூறிவிடுவதுண்டு. 2023 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், வழக்கறிஞர்கள் இத்தகைய பொறியொன்று தந்த முன்தீர்ப்புகளைச் சரிபாராமல் தம் மனுவில் சேர்த்தனர். அத்தீர்ப்புகள் வழங்கப்பட்டதே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கற்றுத் தேர்ந்த வழக்கறிஞர்க்கே இந்நிலை நேருமாயின், முதலாண்டு மாணவர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்! தாம் கண்ணாற் காணாத நூலைத் தம் கட்டுரையில் சான்றாகக் காட்டலாகாது என்னும் பழைய விதி, இக்காலத்திற்கே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது.

சான்று காட்டாமல் எடுத்தாளுதலை நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளால் தடுக்க முற்பட்டது. 2018 ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட விதிமுறைகள், ஆய்வேடுகளில் காணப்படும் ஒப்புமையை நான்கு படிகளாகப் பகுத்தன. 10 விழுக்காடு வரை ஒப்புமை இருப்பின் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை இருப்பின், ஆறு மாதங்களுக்கு மேற்படாத காலத்திற்குள் ஏட்டைத் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை இருப்பின், திருத்திய ஏட்டை ஓராண்டுக் காலம் அளிக்க இயலாது. 60க்கும் மேற்பட்டால் ஆய்வாளராகப் பெற்ற பதிவே நீக்கப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை ஆகியன இக்கணக்கில் சேரா.

இங்கே மாணவர் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது: இந்தப் பத்து விழுக்காடு பதிப்புரிமைச் சட்டத்தின் அளவு அன்று. ‘ஒரு நூலில் பத்தில் ஒரு பங்கை யாரும் படியெடுக்கலாம்’ என்று மாணவரிடையே வழங்கும் பேச்சுக்கு இந்தியச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. ஆய்வேட்டின் ஒப்புமை அளவு வேறு. நூலை நகலெடுக்கும் உரிமை வேறு.

இரண்டாவது எச்சரிக்கை, வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்குச் சிறப்பாக உரியது. ஒப்புமை காணும் கணினிப் பொறி பெரும்பாலும் ஒரே மொழியிலுள்ள ஒரே சொற்றொடர்களைத்தான் கண்டுபிடிக்கிறது. ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழிலோ இந்தியிலோ பெயர்த்துத் தம்முடையதாகத் தந்துவிட்டால், பல வேளைகளில் பொறி அதனை அறியாது. கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் புதுதில்லியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, வகுப்பில் ஒன்று என மூன்று மொழிகளில் புழங்குகின்றனர். இது அவர்களுக்கு வாய்த்த பெரும்பேறு. ஆனால் அந்தப் பேறே மறைவான திருட்டுக்குக் கதவாகவும் அமைந்துவிடலாம். மொழி மாறியதால் உடைமை மாறிவிடாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர் இதனை நன்கறிவர்: மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு எத்துணைப் பெரிதாயினும், நூலின் முகப்பில் மூல ஆசிரியர் பெயர் இருந்தே தீரவேண்டும். வகுப்புக் கட்டுரைக்கும் அதே அறம் பொருந்தும். ‘இக்கருத்து இன்னாருடையது, தமிழாக்கம் என்னுடையது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், திருட்டு எனப்பட்டிருக்கக்கூடிய செயல் அறிவுத் தொண்டாக மாறிவிடுகிறது.

இனி இரண்டாவது கடனுக்கு வருவோம். பதிப்புரிமை என்பதைச் சிலர் காப்புரிமை என்று வழங்குகின்றனர். காப்புரிமை புதிய கருவிகள், செய்முறைகள் ஆகியவற்றைக் கண்டுபிடித்தோர்க்கு உரியது. பதிப்புரிமை எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம், கணினி நிரல் முதலியவற்றைப் படைத்தோர்க்கு உரியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1958 ஜனவரி 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் டிஜிட்டல் உலகின் தேவைகள் சிலவற்றையும் கருத்திற்கொண்டது. இச்சட்டம் காப்பது கருத்தை அன்று. கருத்து வெளியிடப்பட்ட வடிவத்தையே. வறுமையைப் பற்றி யாரும் எழுதலாம். அதைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையை அப்படியே அச்சிடும் உரிமை அவருக்கே உண்டு. அக்கட்டுரையை மொழிபெயர்க்கும் உரிமையும் அவருடையதே.

இந்த உரிமை என்றென்றைக்கும் நிலைப்பதன்று. இலக்கிய நூலாயின், ஆசிரியர் இறந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நிற்கும். முன்னர் இது 50 ஆண்டுகளாக இருந்தது. இரவீந்திரநாத தாகூர் 1941 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமை 1991 முடிவில் தீர இருந்தது. அதனையொட்டி எழுந்த கோரிக்கைகளின் விளைவாகக் காலம் மேலும் பத்தாண்டுகள் நீட்டப்பெற்றது. தாகூரின் படைப்புகள் 2001 முடிந்தபின் பொதுவுடைமையாயின. பாரதியார் வரலாறு வேறுவகையானது. அவர் எழுத்துகளின் உரிமையை 1949 ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது.

உரிமைக் காலம் முடியாத நூலிலிருந்து மாணவர் ஒன்றுமே எடுக்கலாகாதா என்று கேட்கலாம். எடுக்கலாம். சட்டத்தின் 52 ஆம் பிரிவு அதற்கு வழி வகுத்துள்ளது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் ஒரு நூலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் படியெடுப்பதும் உரிமை மீறல் ஆகாது.

இந்த விதியின் பொருளைத் தெளிவாக்கிய வழக்கு தலைநகரிலேயே நடந்தது. தில்லிப் பொருளாதாரப் பள்ளியின் வளாகத்தில் ஒளிநகல் கடையொன்று இயங்கிவந்தது. பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பல நூல்களிலிருந்து உரிய பகுதிகளை நகலெடுத்து, ஒரே தொகுப்பாகக் கட்டி மாணவர்க்குக் கொடுத்து வந்தது. 2012 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடையின் மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. விலை மிகுந்த நூல்களை வாங்க இயலாத மாணவர்கள் தாங்களும் வழக்கில் சேர்ந்து வாதாடினர். கல்வியாளர் பலரும், தம் நூல்களே அத்தொகுப்புகளில் இடம்பெற்ற ஆசிரியர் சிலரும், வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டனர்.

2016 செப்டம்பர் 16 ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு அதே ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் தீர்ப்புரைத்தது. கற்பித்தலின் நோக்கத்திற்குத் தேவையான அளவில் படியெடுத்தல் சட்டத்திற்கு உட்பட்டதே என்னும் கொள்கையை அவ்வமர்வும் ஏற்றது. ஆனால் அத்தொகுப்புகளில் இருந்தவை யாவும் பாடத்திற்குத் தேவையானவைதாமா என்பதையும், முழு நூல்களே நகலெடுக்கப்பட்டனவா என்பதையும் விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 ஆம் ஆண்டில் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டன. நகல் உரிமை அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்தில் செய்த முறையீடும் அவ்வாண்டு மே மாதத்தில் தள்ளுபடியாயிற்று.

இத்தீர்ப்பைக் கேட்டு, ‘இனி எந்த நூலையும் எவ்வளவும் எடுக்கலாம்’ என்று கொள்வது பிழை. தேவை, நோக்கம் என்னும் இரு கோல்களால் அளந்தே நீதிமன்றம் இசைவு தந்தது. பாடத்திற்காக ஓர் இயலை நகலெடுப்பது வேறு. புதிய நாவல் ஒன்றை முழுவதும் படமெடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்புவது வேறு. பின்னது, தெரிந்தே செய்யப்படின், சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் இடமான குற்றம். மேலும், தில்லி மாணவர் சட்டப்படி நகலெடுத்த பகுதியைத் தம் தேர்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் சொல்லாமல் சேர்த்துவிட்டால், உரிமைக் கடன் தீர்ந்தும் உண்மைக் கடன் தீராமலே நிற்கும்.

இரண்டு கடன்களும் தனித்தனியே என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. திருக்குறளை யாரும் அச்சிடலாம். ஒருவர் அதைத் தம் பாடல் என்று சொன்னால் சட்டம் பதிப்புரிமையின் பெயரால் தடுக்காது, ஆயினும் உலகம் நகைக்கும். மறுபுறம், வாழ்ந்து கொண்டிருக்கும் புலவர் ஒருவர் குறளுக்கு எழுதிய உரையை, அவர் பெயரைப் பெரிதாகப் போட்டே முழுமையாக வெளியிட்டாலும், அவர் இசைவு பெறாவிடில் அது உரிமை மீறலே. பெயர் சொன்னேன் என்பது இசைவு பெற்றேன் என்பதற்கு ஈடாகாது.

படைத்தவரின் பெயரும் பெருமையும் விற்பனையால் அழிவன அல்ல என்பதையும் நம் சட்டம் ஏற்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுச் சிதைவுற்றது. அது அரசு விலைகொடுத்துப் பெற்ற படைப்பு. எனினும், தம் படைப்பு சிதைக்கப்பட்டதைக் கேட்கப் படைப்பாளிக்கு உரிமை உண்டு என்று 2005 ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. சட்டத்தின் 57 ஆம் பிரிவு இதற்கு அடிப்படை.

தமிழகத்திற்கு வெளியே வாழ்வோர்க்கு இப்பொருள் வீட்டுச் செய்தியாகவும் ஆகிறது. நல்ல தமிழ் நூல் நிலையம் அருகில் இல்லாத ஊர்களில், பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க விரும்பும் பெற்றோர் இணையத்தையே நாடுகின்றனர். யாரோ படமெடுத்து ஏற்றிய நூல்கள் அங்கே ஏராளம். ‘வேறு வழியில்லை’ என்னும் சமாதானம் எளிதில் தோன்றும். ஆனால் சில நூறு படிகளை அச்சிட்டு, அவை விற்ற பிறகே அடுத்த நூலுக்கு முதல் தேடும் சிறு பதிப்பாளருக்கு, இலவச நகல் ஒவ்வொன்றும் ஓர் இழப்பு. தமிழ் படிக்கும் ஆர்வமே தமிழ் நூல் வெளிவருவதைத் தடுத்துவிடலாகாது.

உண்மையில் வேறு வழியும் இருக்கிறது. 1998 ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களும் உள்ளன. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் பொது உரிமத்தின்கீழ், படைத்தவர்களே நிபந்தனை கூறித் திறந்துவைத்த எழுத்துகளும் படங்களும் பல. அந்நிபந்தனைகளுள் பெரும்பாலும் முதலாவது, பெயர் சொல்லவேண்டும் என்பதே.

ஆகவே மாணவர் பழக வேண்டியவை சிலவே. ஒரு நூலைத் திறந்தவுடன் அதன் ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவிடுதல். பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, தம் சொற்களிலிருந்து பிரித்து வைத்தல். மொழிபெயர்த்து எடுத்ததாயினும் மூலத்தைச் சொல்லுதல். பொறி கூறிய சான்றைத் தாமே திறந்து பார்த்தல். பகிர்வதற்கு முன் உரிமை பற்றிய குறிப்பைத் தேடிப் படித்தல். இவற்றுக்குச் செல்வும் இல்லை, பெருந்திறமையும் வேண்டுவதில்லை.

இன்று படித்து எழுதும் பிள்ளை நாளை தானும் ஒரு நூலோ, ஓர் ஆய்வோ, ஒரு பாடலோ படைக்கக்கூடும். அதனை மற்றொருவர் எடுத்தாளும்போது, ‘இன்னார் எழுதியது’ என்னும் இரு சொற்களை அந்தப் பிள்ளையும் எதிர்பார்க்கும். தான் எதிர்பார்ப்பதை இன்றே பிறர்க்குச் செய்துவிடுதல் கற்றவர்க்கு அழகு.